கடைசி ஜாதகம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் ஜாதகம் கணித்துவந்த உப்பிலி, அந்தப் பழைய கம்ப்யூட்டரை விற்பதற்கு முன் அதிலிருந்த ஜாதகங்களை அழித்தான். செத்தவர்களின் ஜாதகத்தைத்தானே கிழித்துத் தண்ணீரில் விடுவார்கள்? கை கூசத்தான் செய்தது.

ஒன்று மட்டும் அழிக்க அழிக்கத் திரும்பி வந்தது. திறந்து பார்த்தான். குழந்தைக்குப் பெயரில்லை. தகப்பன் உப்பிலி, தாய் மரகதவல்லி. பிறந்த தேதி அடுத்த மாதத்தில் இருந்தது. அவன் மனைவி மரகதவல்லிக்கு இப்போது எட்டு மாதம். இதை அவன் கணிக்கவே இல்லை.

"ஒண்ணுதான பாக்கி சாமி? வேன்காரன் அவசரப்படுதான்." ராஜபாளையத்திலிருந்து வாங்க வந்திருந்த சீனிச்சாமி குனிந்து, தானே விசையைத் தட்டினார். ஜாதகம் போனது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

உள்ளேயிருந்து மரகதவல்லி கூப்பிட்டாள். "ஏன்னா, செத்த வாங்கோளேன். கார்த்தாலேருந்து உதைச்சிண்டே இருந்தது, இப்ப அசைவே காணோம்."