கோடு ஏறவில்லை

“மறுபடியும் மூடிக்கிச்சு சார்” என்றான் அவன் போனில்.

மறுமுனையில் மேனேஜர் பெருமூச்சு விட்டார். “சாயங்காலம் கஸ்டமர் கைக்குப் போகணும்ப்பா. இல்லேன்னா இந்த ஆப்பும் இல்லை, நம்ம டீமும் இல்லை.”

தூங்கும் குழந்தையைப் படம்பிடித்து, வேறு அறையில் வேலையாக இருக்கும் பெற்றோருக்கு விடாமல் காட்டும் ஆப் அது. எழுதியவனுக்கே வீட்டில் ஒரு வாண்டு இருந்ததால் சோதனைக்குக் குழந்தை தேடி அலையவில்லை. கீழே மகளின் தலைமாட்டில் பழைய போன். மாடியில் அவன் மேஜைமேல் புது போன்.

கொஞ்ச நேரம் ஓடினாலே மெமரி நிரம்பி ஆப் தானாக மூடிக்கொண்டது. எங்கோ லீக், வேலை முடிந்த எதையோ ஆப் விடாமல் பிடித்து வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் மெமரியைக் காட்டும் கோடு ஜுரம் மாதிரி ஏறிக்கொண்டே போனது.

நடுவில் மனைவி கூப்பிட்டாள். “ஆபீஸ்லேர்ந்து கிளம்பிட்டேன். வாண்டு எழுந்தா நேரா வாசலுக்குத்தான் ஓடுவா. ஒரு கண்ணு வச்சுக்குங்க.”

“ஒரு கண்ணா? கேமராவே வச்சிருக்கேன். நீ நிம்மதியா வா.”

சத்தத்தைக் கவனிக்கும் பகுதியை நிறுத்திப் பார்த்தான். கோடு ஏறியது. அலாரத்தை நிறுத்தினான். அப்போதும் ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் மாட்டியது. குழந்தை அசைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதி, பார்த்து முடித்த படங்களில் ஒன்றைக்கூட விடாமல் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது. பழைய படத்தை விட்டால்தான் புதுப் படம் உள்ளே வரலாம் என்று மாற்றி எழுதி, மறுபடி ஓடவிட்டான். போனில் மகள் தெரிந்தாள், கழுத்துவரை போர்வையுடன்.

கோடு ஏறவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தான். அப்போதும் ஏறவில்லை.

போனை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். போர்த்திவிட்ட கையோடு போர்வையை உதைத்துத் தள்ளுகிறவள், இன்று இம்மிகூட அசையாமல், போர்த்தியது போர்த்தியபடி கிடந்தாள். அப்பாவின் கஷ்டம் தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டான்.

மேனேஜரை அழைத்தான். “புடிச்சிட்டேன் சார்.”

“நல்லாப் பாத்துட்டியா? இதை நம்பித்தான் அவனவன் பிள்ளையை விட்டுட்டு வேலை பாப்பான்.”

“என் பொண்ணை வச்சே பாத்துட்டேன் சார்.”

“அப்ப அனுப்பிடு.”

அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். இத்தனை நாள் பட்ட பாடு ஒரு கொட்டாவியாக வெளியே வந்தது.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். மனைவிதான். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், போனை மட்டும் அறைக்கதவுப் பக்கம் தூக்கிக் காட்டினான்.

“மெதுவா வா, எழுப்பிடாதே. பாரு, எவ்வளவு சமத்தா தூங்குறா.”

அவளுக்கு மூச்சிரைத்தது.

“அப்ப, தெருமுனையிலேர்ந்து நான் தூக்கிட்டு வந்திருக்கிறது யாரு?”