தொண்டை வெந்த துவக்கு

பெக்கோ இயந்திரம் கிளறிப் போட்ட மண்ணில் நீளமான உரப்பை மூட்டை ஒன்று கிடந்தது.

பொலிஸ் சார்ஜன் வந்து அதைக் கிழித்தார். உள்ளே பொலித்தீன். அதற்குள் கிறீஸ். அதற்குள் துவக்கு.

வளவு வசந்தாதேவியக்காவுடையது. மலசலகூடக் குழிக்காகத்தான் பெக்கோவைப் பிடித்திருந்தார். நான் சுவர் வேலைக்குச் சீமெந்து குழைக்க வந்த கூலி.

துவக்கில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"புதுச் சாமான்" என்ற சார்ஜன், அக்காவின் மகன் துசாந்தனின் கையைப் பிடித்தார். இருபத்தொரு வயது. வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் பறக்க வேண்டியவன்.

அக்கா மகனின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியப் பாத்துச் சொல்லாதீங்க, சேர். குழலுக்குள்ள பாருங்க" என்றேன்.

"நீ ஆரு, துவக்கு டொக்டரா?"

கூட நின்ற பொலிஸ்காரன் சிரித்தான். ஆனாலும் சார்ஜன் துவக்கைக் கழற்றினார். பின்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்து, வாய்ப்பக்கத்தால் பார்க்கச் சொன்னேன்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் என்ன காண்பார் என்பதையும் சொன்னேன். வாய்ப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். தோட்டா குந்தும் இடத்துக்கு அடுத்த தொண்டை மட்டும் கறுத்து, வரி அழிந்து, தண்ணீர் வராத வயல்வட்டை போல வெடித்திருக்கும்.

"குண்டு உரசின தேய்வு மட்டுமில்ல, சேர். வெடிமருந்து எரியிற சூடு. காட்டுப்பண்டிக்கு ஒரு வெடி வெச்சாக் குழல் ஆறிடும். ஆற விடாம முப்பது முப்பதாத் தட்டினா, தொண்டதான் முதல்ல வேகும். அப்பிடிச் சுட்ட காலத்தில இந்தப் புள்ளைக்குப் பால்பல்லும் விழல்ல."

சார்ஜன் நெடுநேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். துவக்கை மெல்ல இறக்கினார்.

"சண்டையில பாவிச்சதுதான். ஒத்துக்கொள்றன். ஆனா இவன் எங்கயாவது எடுத்து வந்து தாட்டிருக்கலாமே?"

துசாந்தனின் கையை அவர் விடவில்லை.

நியாயமான கேள்வி. அக்கா இந்த வளவுக்குக் குடிவந்து பத்து வருடம்தான். அதற்கு முன் இது வாவிக்கரைப் பற்றைக்காடு. அதைச் சொன்னாலும் அவன் கை விடுபடாது.

நான் வாளித் தண்ணீரில் கைகளைக் கழுவினேன். விரலிடுக்கில் இருந்த சீமெந்தையும் தேய்த்து எடுத்தேன்.

"முதல்ல புள்ளைட கைய விடுங்க, சேர். மறுகா இன்னும் ரெண்டு முழம் வெட்டச் சொல்லுங்க. மகசீன் நாலும் பிஸ்கட் டின்னுக்குள்ள கிடக்கு."