மேலே வரைக்கும் கார் போகும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் தெருமுனை திரும்பும்போதே சர்வேயர் பார்த்துவிட்டார். கழுத்தில் அளவு டேப்போடு டெய்லர் கேட்டருகே காத்துக்கொண்டிருந்தார்.

"நிக்கிறார் பாருங்க, உங்க எக்ஸாமினர்," என்றாள் மனைவி.

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து நாலு மாதம். புது இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டுமென்று, சனி ஞாயிறு வந்தால் கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எங்கே போகலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் கீழ்வீட்டு டெய்லர்தான். கூடார ஆணிகளைப் போட்டு வைக்க, அவர் மனைவி பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பைகூடத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

அதுவரைக்கும் நல்ல மனுஷன்தான். திரும்பி வந்தால்தான் தொல்லை. சாமானை இறக்கவிடாமல் குடைந்து எடுத்துவிடுவார். ரோடு எப்படி, படி எத்தனை, கைப்பிடி இருக்கா, நடுவில் உட்கார இடம் உண்டா?

அவ்வளவு ஆசையாக இருந்தால் தானே ஒரு தடவை போய்விட்டு வர வேண்டியதுதானே, நம்மை ஏன் வேவு பார்க்க அனுப்புகிறார் என்று மனைவி முணுமுணுப்பாள். சர்வேயருக்கும் அதே எண்ணம்தான்.

இந்த வாரம் டெய்லர் சொல்லி அனுப்பியது மலை உச்சியில் இருக்கும் ஏரி. ஆனால் அடிவாரத்து டீக்கடைக்குப் பின்னாலேயே நல்ல புல்தரை கிடைத்ததா, அங்கேயே கூடாரத்தை அடித்து, இரண்டு நாளும் சீட்டாடி, தூங்கி எழுந்து திரும்பிவிட்டார்கள். மலைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"ஏரி பாத்தீங்களா சார்?"

இல்லை என்றால் ஏன் என்பார். அதற்கு இன்னும் பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

"பாத்தோம்ண்ணே. பிரமாதம்," என்றார் சர்வேயர்.

"ரோடு?"

ஆபீஸ் சுவரில் அந்த மலையின் மேப் தொங்குகிறது. அதில் உச்சி வரைக்கும் ரோடு கெட்டியாகப் போட்டிருக்கும். சர்வேயர் அதை நினைத்துக்கொண்டார். "மேல வரைக்கும் காரே போகுது. கரையிலயே நிறுத்திக்கலாம்."

"நடக்கவே வேண்டாமா?"

"பத்தடிகூட நடக்க வேண்டாம்."

டெய்லர் திரும்பி ஜன்னலைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். உள்ளே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தாள். விட்டால் போதுமென்று சர்வேயர் மாடியேறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை தையல்கடை பூட்டியிருந்தது. நாலு மாதத்தில் ஒரு நாள் பூட்டிப் பார்த்ததில்லை. எதிர் பேக்கரிக்காரரிடம் விசாரித்தார்.

"சம்சாரத்தோட ஏரிக்குப் போயிருக்காரு," என்றார் பேக்கரிக்காரர். "அந்தம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு மூணு வருஷமா கட்டிலும் நாற்காலியும்தானே. எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு அலைஞ்சிட்டிருந்தாரு. எல்லா இடத்துலயும் படி ஏறணும். யாரோ ஏரி வரைக்கும் கார் போகும்னு சொன்னாங்களாம். உடனே காரை இரவல் வாங்கிட்டுக் கிளம்பிட்டாரு."

நாலு மாதமாக சர்வேயர் அந்த அம்மாளை ஜன்னலில் உட்கார்ந்தபடியேதான் பார்த்திருக்கிறார். ஏன் எழுந்து வருவதில்லை என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. ஊரை அளக்கிற உத்தியோகம், வெட்கக்கேடு.

ஆபீசுக்குப் போனதும் மேப்பைக் காட்டி ஜீப் டிரைவரிடம் கேட்டார்.

டிரைவர் சிரித்தார். "இந்த ரோடா சார்? பாதி மலையிலயே மண் சரிஞ்சு, அது ஆச்சு ஒரு வருஷம். இப்ப ஆள் நடந்து போறதே கஷ்டம்."

டெய்லருக்குப் போன் போட்டார். மலையில் சிக்னல் ஏது? அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அளந்த இடத்தையே திரும்பவும் அளந்தார்.

சாயங்காலம் அந்த இரவல் கார் வந்து நின்றபோது, கேட்டருகே காத்துக்கொண்டிருந்தது சர்வேயர்.

டெய்லரின் பேன்ட்டில் முழங்கால் வரை சேறு. சட்டை தோள்பட்டையில் பிரிந்திருந்தது. மனைவியைக் காரிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஏரி பாக்க முடியல தம்பி," என்றாள் அந்த அம்மாள். "பாதியில ரோடே இல்ல. இவர் என்னை முதுகுல சுமந்துட்டுக் கொஞ்ச தூரம் ஏறினாரு. மூச்சு வாங்குது மனுஷனுக்கு. போதும், திரும்பலாம்னுட்டேன். நீங்க போனப்ப ரோடு நல்லாத்தானே இருந்துச்சு?"

சொல்லிவிடலாம் என்று சர்வேயர் வாயைத் திறந்தார்.

டெய்லர் முந்திக்கொண்டார். "அவர் போனப்ப நல்லாத்தான் இருந்திருக்கு. நேத்து மலையில மழை பெஞ்சு சரிஞ்சிருக்கும். அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?"

"அதுவும் சரிதான். இனிமே எங்க போயிட்டு வந்தாலும் எனக்குச் சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னா நேர்ல பாத்த மாதிரி இருக்கு," என்றாள்.

சர்வேயர் குனிந்தபடியே தலையாட்டினார்.

டெய்லர் மனைவியை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். காரின் சீட்டுக்கு அடியிலிருந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து சர்வேயர் கையில் வைத்தார். உள்ளே ஆணிகள் கலகலத்தன. அதே ஜீன்ஸ் துணிப் பை.

"திரும்பி வர்றப்ப அடிவாரத்து டீக்கடையில பாத்துக் கேட்டேன், குடுத்தாங்க. கடைக்குப் பின்னாடி ரெண்டு நாள் தங்கினவங்க விட்டுட்டுப் போனதாம்," என்றார், ஜன்னலை ஒருதரம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில். "சீக்கிரம் மேல கொண்டு போயிடுங்க சார். அவ தைச்சது, பாத்தா கண்டுபிடிச்சிடுவா."