கருவாடு மணக்கும் மூலை வீடு

காளீஸ்வரி விடியுமுன்னே எழுந்து வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, சட்டியில் கருவாட்டையும் போட்டுவிட்டாள்.

தரைத்தளத்தில் மூலை வீடு. ஒரு கூடம், ஒரு அறை, சமைக்க ஒரு இடுக்கு, உள்ளேயே கக்கூஸ். கூடத்து ஜன்னல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அடிச்சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். குழாயோ முதலில் இருமிவிட்டுத்தான் தண்ணீர் விடும்.

இரண்டும் அவளுக்கு அத்துப்படி. இந்த வீட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. இது கைநழுவினால் மறுபடி தகரக் கொட்டகைதான். மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும்.

வீடுகளைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் ஆள் மாயக்கண்ணன் காலையிலிருந்து வந்து வந்து எச்சரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தா பாரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வாய் தவறுச்சு, வீடு போச்சு."

சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் ஒரு மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டான். பக்கத்து வீட்டு ஜன்னலிலும் ஒன்று தொங்கியது. கட்டடம் முழுக்கக் கருவாட்டு மணம் மூக்கைத் துளைத்தது.

வரப்போவது சட்டமன்றக் குழு.

தொண்டிக்குத் தெற்கே சங்குவலசை என்று ஒரு மீனவர் ஊர். கடலோரத் திட்ட வரைபடத்தில் அந்தக் கரையை ஆளில்லாத நிலமாகக் காட்டிவிட்டு, சொகுசுப் படகுத்துறை கட்டப் பார்த்தார்கள். அதைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் காரைக்குடிக்கு வெளியே மலிவு விலையில் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று, எல்லோரும் மனமுவந்து குடிவந்துவிட்டார்கள் என்று அரசு பதில் சொன்னது.

கேட்டவர் அந்தக் கடற்கரைத் தொகுதியின் எம்.எல்.ஏ. நாகவல்லி. பதிலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்காருகிற ஆளில்லை அவர். நேரில் பார்த்துவிடுகிறேன் என்று குழுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கார்கள் வந்து நின்றன. அதிகாரிகள் கோலத்தை மிதித்துக்கொண்டு செருப்புக் காலோடு உள்ளே வந்தார்கள். நாகவல்லி மட்டும் ஓரமாக நடந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். காளீஸ்வரிக்கு அந்த அம்மாவைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

நாகவல்லி கேட்க ஆரம்பித்தார். தண்ணீர் வருதா? வருதும்மா. வீட்டுக்காரர் எங்கே? கடலுக்குப் போயிருக்காக. பஸ்ஸிலா? ஆமாம்மா, விடியக்காலம் பஸ்ஸு இருக்கு.

எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே போய்க்கொண்டிருந்தது.

"கடலை விட்டுட்டு இம்புட்டுத் தூரம் வந்து கிடக்கீகளே, மனசுக்கு ஒண்ணும் தோணலையா?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. மாயக்கண்ணன் மோட்டுவளையைப் பார்த்தான்.

காளீஸ்வரி ஒரு கணம் யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் யார் நம்புவார்கள்? இந்த வீட்டின் மேல் இருந்த ஆசையையெல்லாம் குரலில் கூட்டிச் சொன்னாள்.

"அலைச் சத்தம் கேக்காம ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குதும்மா. மத்தபடி ஒரு கொறையும் இல்லை."

நன்றாகவே சொல்லியிருந்தாள். ஒரு அதிகாரி இரக்கப்பட்டுத் தலையைக்கூட ஆட்டினார்.

நாகவல்லி ஆட்டவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாமல் கேட்டார்.

"எங்க கடல்ல ஏதும்மா அலை? அது குளமாட்டம்ல கிடக்கும்."

காளீஸ்வரி கடலைப் பார்த்ததே இல்லை.

காளையார்கோவில் பக்கம் பிறந்து, காரைக்குடிக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவள். புருஷன் தேவகோட்டையில் கொத்து வேலை பார்க்கிறான். டி.வி.யில் அவள் பார்த்த கடலெல்லாம் பாறையில் மோதி நுரை தள்ளுகிற கடல். இந்த மூலை வீட்டுக்கு அவள்தான் மணல் சுமந்தாள். ஜன்னல் கோணலாகப் பதிந்தபோது கலவைச் சட்டியோடு பக்கத்தில் நின்றாள்.

குடிவந்தது நேற்றுச் சாயங்காலம். சங்குவலசையிலிருந்து ஒரு குடும்பமும் வரவில்லை. குழுவிடம் ஒழுங்காகப் பேசினால் இந்த வீட்டை உனக்கே எழுதித் தரச் சொல்கிறேன் என்று மாயக்கண்ணன் சொல்லியிருந்தான்.

காளீஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

நாகவல்லி அவளுடைய கையைப் பார்த்தார். சிமெண்டு அரித்த கை. குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"பயப்படாமச் சொல்லுங்க. உங்களுக்குன்னு எங்கிட்டாச்சும் வீடு இருக்கா?"

அவளிடம் இதுவரை யாருமே அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

பின்னால் மாயக்கண்ணன் தொண்டையைச் செருமினான்.

"இதுதாம்மா என் வீடு" என்றாள் காளீஸ்வரி.

நாகவல்லி உடனே நகரவில்லை. இன்னொரு பதில் வருமா என்று காத்திருப்பது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காளீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அவர் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, குறிப்பெடுக்கிறவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மூலை வீடு காலி. எழுதிக்குங்க."

உள்ளே கருவாடு தீய்ந்துகொண்டிருந்தது. காளீஸ்வரி அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு வந்து, ஜன்னலின் அடிச்சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டித் திறந்து, புகையை வெளியே விட்டாள்.