படத்தில் இல்லாதவள்

லொரெய்ன் கதவைத் தட்டாமலே திறந்தாள். ஒரு வாரமாக, சாப்பிட்டு முடித்ததும் அவள் கணவன் மில்டன் இந்த அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறான்.

டி.வி.யில் ஒரு பெண் உடம்பில் துணியே இல்லாமல் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால டி.வி. நிகழ்ச்சிகளைக் கிண்டலடித்து எழுபதுகளில் வந்த படம்.

"இந்த வயசுல இது தேவையா உனக்கு?"

"சும்மா காமெடி, லொரி."

"காமெடின்னா சிரிக்கணும். நீ கண்ணை மூடிட்டு உக்காந்திருக்க. இதே இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுற, கிச்சன் வரைக்கும் கேக்குது. யாரு இவ? கல்யாணத்துக்கு முன்னாடி பழக்கமா?"

"இவளை எனக்குத் தெரியாது."

"அப்போ வேற எவ?"

மில்டன் தயங்கினான். "அவ படத்துல இல்ல. பின்னாடி ஒரு கூட்டம் சிரிக்கிற சத்தம் கேக்குதுல்ல, அதுல இருக்கா."

"ஓஹோ. போடு, நானும் கேக்குறேன்."

போட்டான். கூட்டத்தின் சிரிப்பையும் மீறி ஒருத்தி மூச்சுத் திணறச் சிரித்தாள்.

"நல்லாத்தான் சிரிக்கிறா. பேரென்ன?"

"டொலீடோ ஊர்ல ஒரு ஸ்கூல் ஹால்ல நம்மள உக்கார வச்சு, ஹாட் டாக் குடுத்து, சிரிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணாங்களே, ஞாபகம் இருக்கா? அது இந்தப் படத்துக்குத்தான்."

அவள் சந்தேகம் தீராமல் அவனைப் பார்த்தாள். "நான் இப்படியெல்லாம் சிரிக்க மாட்டேன்."

"சிரிப்ப, லொரி. நம்ம பையன் செத்துப்போன நாள் வரைக்கும் இப்படித்தான் சிரிச்சுட்டிருந்த."

லொரெய்ன் ரிமோட்டை வாங்கி, அந்த இடத்தை மறுபடியும் போட்டாள்.