கழுவிய குழாய்

அறையில் இருப்பவர்கள் மூவர்: என் தம்பி மகள், அவளுடைய பேராசிரியர், அழைக்காமலே வந்து நிற்கும் நான். ஆர்.என்.ஏ. இழை தன் நடுத்துண்டைத் தானே வெட்டியெறிந்து முனைகளை ஒட்டிக்கொள்கிறது என்கிறாள் அவள். அவள் சரியாகக் கழுவாததால் குழாயில் தங்கிவிட்ட புரதம்தான் வெட்டியது என்று ஆய்வகம் முழுக்கப் பேச்சு. அதனால் இன்று பேராசிரியர் கண்ணெதிரே புரதம் அத்தனையையும் அழித்துக் கழுவிவிட்டு, மக்னீசிய உப்பையும் குவானோசின் என்ற சிறு மூலக்கூறையும் மட்டும் சேர்த்து, இழைகளை நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்ப்பலகையில் ஓடவிட்டிருக்கிறாள். வெட்டு விழுந்திருந்தால் சிறிய துண்டு முந்தி ஓடி, கீழே தனிக்கோடாகத் தெரிய வேண்டும். புறஊதா விளக்கு எரிகிறது. மேலே மட்டும், வெட்டுப்படாத இழையின் இடத்தில், பளிச்சென்று ஒரு கோடு. அவள் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பற்றுகின்றன. "பெரியப்பா, மூச்சு விடுங்க," என்கிறாள் திரும்பாமலே. பேராசிரியர் இன்னும் குனிகிறார். "கீழே மங்கலா ஒண்ணு தெரியுதேம்மா." "அதான் சார், வெட்டுப்பட்ட துண்டு." எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் குழாய் கழுவத் தெரியாது என்கிறார்கள். தெரியும்.