சத்தம் போடும் மோட்டார்

கடைக்காரர் காந்தன் ஒரு மோட்டாரை இயக்கிக் காட்டினார். “சத்தமே வராது, தங்கச்சி. கார் டேஷ்போர்டுல ஸ்க்ரீன் ஏறி இறங்க இதுதான் பெஸ்ட்லா.”

“சத்தம் வர்ற மோட்டார் இருக்காண்ணே?” என்றாள் செலினா.

அவர் வியப்போடு வேறொன்றை எடுத்தார். அது கரகரவென்று சுழன்றது.

“இது போதும். சுவிட்ச் மட்டும் தடவினா தெரியற மாதிரி எழும்பி இருக்கணும்.”

“எல்லாரும் டச் சுவிட்சுதான் கேக்கறாங்கம்மா. பார்க்க அழகா இருக்கும்.”

“வேணாம்ணே. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு அவர் கையாலயே செய்யறாரு. இதுதான் அவருக்குச் சரியா வரும்.”

அடுத்த ஞாயிறு, புலாவ் செபாங் ஊரில் வீட்டிலிருந்து தேவாலயத்துக்குக் கிளம்பும்போது செலினா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். பக்கத்தில் இருந்த அவள் கணவன் டாரியஸ், டேஷ்போர்டைத் தடவி, தானே பொருத்திய சுவிட்சைக் கண்டுபிடித்து அழுத்தினான். மோட்டார் கரகரத்து, ஸ்க்ரீனை மேலே ஏற்றி நின்றது.

“ஏறிடுச்சு, செலி!”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். விபத்தில் இரண்டு கண்களும் போன பிறகு, அவன் சிரித்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“ஸ்க்ரீன் வெளிச்சம் உனக்குக் கண்ணு கூசுதா? குறைக்கணுமா?” என்று அக்கறையாகக் கேட்டான்.

“இல்லங்க, சரியா இருக்கு” என்றாள் செலினா. அழுகையை அடக்கிக்கொண்டு காரைக் கிளப்பினாள்.